‘மெதுவாகத் தள்ளினாள்’ என்று எழுதாமல் தப்பிப்பது எப்படி? – கேள்வி பதில்

தள்ளுவது, இடிப்பது, தட்டுவது, முட்டுவது மாதிரியான வினைச்சொற்களை மொழிபெயர்க்கும்போது வரும் சந்தேகங்களைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் சார். லேசாக இடிப்பது அல்லது தள்ளுவது என்று பொருள்படும் ஆங்கில ‘நட்ஜ்’ என்ற வினைக்குத் தமிழில் ஒரே சொல்லாக எதைப் போடலாம்?

ஒரே சொல்லைத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிது. ஒரு சிறுகதையில் இரண்டு தோழிகள் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் இருப்பவர் உளறுகிறார். ஒருத்தி மற்றவளை ‘நட்ஜ்’ செய்கிறாள். நான் ‘மெதுவாகத் தள்ளினாள்’ என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தார்: ‘விழுந்துவிட்டாளா?’

அவர் கேட்டது நியாயம்தான். ஒரு ஆளைத் தள்ளினாள் என்றால், தள்ளப்பட்டவள் கொஞ்சமாவது இடம் பெயர்ந்திருப்பாள் என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். அந்தக் காட்சியில் யாரும் நகரவில்லை, தொடுதல் மட்டுமே நடந்தது. ‘முழங்கையால் இடித்தாள்’ என்று மாற்றினேன். ‘மெதுவாக’ தானாகவே உதிர்ந்துவிட்டது. முழங்கையைச் சொன்ன பிறகு அது எதற்கு? பக்கத்தில் இருப்பவளை முழங்கையால் இடித்தால் அது சாடை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்றிலிருந்து இப்படி ஒரு வினை வந்தால் மூன்று விஷயம் பார்ப்பேன். எந்த உறுப்பு பட்டது? ஒரு தடவையா, பல தடவையா? பட்டது நகர்ந்ததா? மென்மை பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்ளேயே இருக்கும்.

கேள்வி: ஆனால் ‘இடி’ முரட்டுச் சொல் இல்லையா? வானத்தில் இடிப்பதும் அதுதானே?

உரலில் இடிப்பதும் அதுதான், நிலைவாசலில் தலை இடிப்பதும் அதுதான். அகலமான சொல், அவ்வளவுதான். திருக்குறளில் ‘மேற்சென்று இடித்தற் பொருட்டு’ (784) என்று வருகிறது. நட்பு சிரித்து மகிழ மட்டும் இல்லை, நண்பன் எல்லை மீறும்போது முந்திப்போய்க் கண்டிக்கவும்தான் என்கிறது அந்தக் குறள். ‘இடித்துரைப்பது’ என்று இன்றும் சொல்கிறோம். ஒருவரை இடிப்பதிலிருந்து அவருக்குப் புத்தி சொல்வது வரை இந்தச் சொல்லே நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. முரடா, மென்மையா என்பதைப் பக்கத்தில் நிற்கும் முழங்கையோ உரலோ சொல்லிவிடும்.

கேள்வி: மற்ற மொழிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

ஆளுக்கொரு வழி. எனக்கு மிகவும் பிடித்தது ஸ்பானிஷ். முழங்கைக்கு ‘கோதோ’. அதோடு ‘-அஸோ’ விகுதி சேர்த்தால் ‘கோதஸோ’, அதாவது முழங்கை இடி. சுத்தியலோடு சேர்த்தால் சுத்தியல் அடி, கதவோடு சேர்த்தால் படாரென்று கதவு சாத்துவது. எந்தப் பொருளால் பட்டது என்பது பெயர்ச்சொல்லிலேயே வந்துவிடுகிறது, வினைக்கு வேலை குறைவு. தள்ளலுக்கு ‘எம்புஹோன்’ என்பார்கள். அதைக் குட்டியாக்கி ‘எம்புஹோன்சிதோ’ என்றால் சின்னத் தள்ளு.

பிரெஞ்சிலும் ‘கூ’ என்ற அடியைக் குறிக்கும் சொல்லோடு உறுப்பைச் சேர்ப்பார்கள். முழங்கையைச் சேர்த்தால் ‘கூ த கூத்’, முழங்கை இடிதான். கட்டைவிரலைச் சேர்த்தால் ‘கூ த பூஸ்’. இதைப் பார்த்து யாரோ கட்டைவிரலால் குத்தினார்கள் என்று மொழிபெயர்த்தால் போச்சு. அதற்குப் பெரும்பாலும் கைகொடுத்து உதவுவது என்று பொருள்.

ரஷ்ய மொழி எண்ணிக்கையை வினைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ‘தல்காத்’ என்றால் தள்ளிக்கொண்டிருப்பது, ‘தல்க்னூத்’ என்றால் ஒரே ஒரு தள்ளு. அதன் முன்னால் ‘பத்’ என்ற ஒட்டு வந்து ‘பத்தல்க்னூத்’ ஆனால் லேசாகத் தள்ளிவிடுவது, ஒருவரை ஒரு காரியத்தின் பக்கம் நகர்த்துவது. ஹங்கேரிய மொழியிலும் ஒரு முறை தள்ளுவதற்கு ஒரு வடிவம், இடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பதற்கு வேறு வடிவம்.

நம்மிடம் இந்த ஒட்டெல்லாம் இல்லை என்று வருந்த வேண்டாம். ‘ஒரு தட்டு தட்டினான்’ என்று அதே சொல்லைப் பெயராகவும் வினையாகவும் வைத்தால் ஒரு தடவைதான். ‘தட்டித் தட்டி எழுப்பினான்’ என்றால் பல தடவை. எழுதும்போது இதை ஏனோ பலரும் மறந்துவிட்டு ‘ஒரு முறை’, ‘திரும்பத் திரும்ப’ என்று வெளியிலிருந்து ஒட்டவைக்கிறார்கள்.

கேள்வி: ஜப்பானிய மொழியில் ‘கொஸுகு’ என்ற வினையில் முதல் எழுத்துக்கு ‘சின்ன’ என்று பொருளாம். அப்போது அது மென்மையான குத்துதானே?

எழுத்தை நம்பினால் ஏமாறும் இடம் இது. ‘சிறு குத்து’ என்றுதான் எழுதுகிறார்கள், ஆனால் வலியவன் எளியவனைச் சீண்டி இடிப்பதற்கு அதிகம் வரும் சொல் அது. சாடைக்கு இடிப்பதற்கு ‘முழங்கையால் த்சுத்சுகு’ என்று போவார்கள். அப்புறம், ‘முதுகைத் தள்ளுவது’ என்று அந்த மொழியில் ஒரு வழக்கு உண்டு. தயங்கி நிற்பவருக்குத் தைரியம் கொடுப்பது அது. தமிழில் அப்படியே வைத்தால் கிணற்றில் தள்ளிய மாதிரி இருக்கும். நாம் முதுகைத் தட்டிக்கொடுப்போம்.

கேள்வி: பொருளாதாரத்தில் வரும் ‘நட்ஜ்’? ‘உந்துதல்’ என்று போடுகிறார்கள். சரியா?

பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டீனும் 2008-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய கலைச்சொல் இது. தேலருக்கு 2017-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. எதையும் தடை செய்யாமல், பணத்தாசையும் பெரிதாகக் காட்டாமல், தேர்வுகளை அடுக்கி வைக்கும் விதத்தாலேயே மக்களை ஒரு பக்கம் சாயவைப்பது என்பது கருத்து. பழங்களைக் கண்ணுக்கு நேரான தட்டில் வைப்பது ‘நட்ஜ்’, நொறுக்குத்தீனியைத் தடை செய்வது ‘நட்ஜ்’ அல்ல. அந்தப் புத்தகத்தின் இத்தாலியப் பதிப்பு ‘மென்மையான தள்ளல்’ என்றும் ஸ்பானியப் பதிப்பு ‘ஒரு சின்னத் தள்ளு’ என்றும் விளக்கிச் சொல்லின.

‘உந்துதல்’ எனக்கு ஒப்பாது. ராக்கெட் ஞாபகம் வருகிறது. என் ஓட்டு ‘தூண்டுதல்’ பக்கம். விளக்கெரிப்பவர்களுக்குத் தெரியும், திரி எண்ணெயில் அமிழ்ந்து சுடர் மங்கினால் ஒரு குச்சியால் திரியை நுனி அளவு மேலே இழுத்துவிடுவார்கள். அதுதான் தூண்டுவது, அந்தக் குச்சிதான் தூண்டுகோல். எரிவது திரிதான், குச்சி எரிவதில்லை. அந்தக் கலைச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: ‘தூண்டிவிட்டான்’ என்றால் கலவரம் மாதிரி இருக்கிறதே!

உண்மைதான். குற்றவாளி தூண்டு இல்லை, ‘விடு’. துணைவினை மாறினால் குணமே மாறிவிடும். தட்டு என்பதைப் பாருங்கள்: தட்டிக்கொடுத்தான் பாராட்டு, தட்டிவிட்டான் பாத்திரம் கவிழ்ந்தது, தட்டிக்கேட்டான் அநியாயத்தை எதிர்த்தான். தமிழிலிருந்து வேறு மொழிக்குப் போகும்போது மூன்றுக்கும் மூன்று வினை தேட வேண்டும். கலைச்சொல்லுக்கு ‘மென்தூண்டல்’ என்று வைத்துக்கொண்டால் கலவரம் வராது.

கேள்வி: நாய் மூக்கால் நம்மைத் தள்ளுமே, அதற்கு?

ஜெர்மனில் அழகாக ‘ஷ்டுப்சன்’ என்பார்கள். சின்னதாக மேல்நோக்கி இருக்கும் மூக்கின் பெயரிலும் இதே ‘ஷ்டுப்ஸ்’ உண்டு. நமக்கு ‘முட்டு’ இருக்கிறது. பால் குடிக்கும் கன்று மடியை முட்டுவதைப் பார்த்தவர்கள் அதை வன்முறை என்று சொல்ல மாட்டார்கள். ‘நாய் மூக்கால் கையை முட்டியது’ போதும்.

கேள்வி: வரைகலை மென்பொருளில் அம்புக்குறி விசையால் படத்தைத் துளித் துளியாக நகர்த்துவதும் ‘நட்ஜ்’ என்றே பட்டியலில் இருக்கிறது.

‘இம்மி நகர்த்து’. சாதாரண ‘நகர்த்து’ என்பதும் அதே பட்டியலில் இருக்குமே, அதனால்தான் இம்மி.

கேள்வி: சார், ‘பில் கட்டினீர்களா’ என்று என் மனைவி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பதும் மென்தூண்டலா?

ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த ‘நூட்ஜ்’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. சில நேரம் ‘நட்ஜ்’ மாதிரியே எழுதவும் செய்வார்கள், பலரும் குழம்புவது அங்கேதான். அதற்குத் தமிழில் நச்சரிப்பு. நீங்கள் முதல் தடவையே கட்டியிருந்தால் மென்தூண்டல் என்றே மொழிபெயர்த்திருப்பேன்.