ஏஜென்ட் படிக்கிற டாக்குமென்ட்

கேள்வி: அண்ணே, மீன் ஏலக் கணக்கெல்லாம் போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ்ல வச்சிருக்கேன். ஏஐ ஏஜென்ட் (டூல்களைக் கூப்பிட்டுத் தானா வேலை செய்யுற ஏஐ) அதைத் தொடுறதுக்கு முன்னாடி கனெக்‌ஷன் இருக்கான்னு பாக்க ஒரு டூல் எழுதிட்டேன், அதுக்கு டாக்குமென்ட் எப்படி எழுதுறது?
- வாசகர், மண்டபம்

பதில்: தம்பி, அந்த டாக்குமென்ட்டைப் படிச்சுத்தான் ஏஜென்ட் டூலை எப்பக் கூப்பிடணும்னே முடிவு பண்ணும், அதனால 'செலக்ட் 1 (இணைப்பு இருக்கான்னு பாக்குற சின்னக் கட்டளை) மட்டும் ஓட்டும், டேட்டாவை மாத்தாது'ன்னு முதல் வரியிலயே போட்டுருங்க. எரர் பகுதிதான் உயிர். பாம்பன்ல ஏத்துற புயல் கூண்டுல ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு அர்த்தம் இருக்குல்ல, அதே மாதிரி 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'னா சர்வர் ஓடுதா, போர்ட் நம்பர் சரியான்னு பாக்கணும் (வழக்கமா 5432), பதிலே வராம டைம்அவுட் ஆச்சுன்னா நெட்வொர்க்கையோ ஃபயர்வாலையோ பாக்கணும், பாஸ்வேர்ட் தப்புன்னா திரும்பத் திரும்ப முட்டாம ஆளைக் கேக்கணும்னு தெளிவா எழுதுங்க. ரிசல்ட்ல பாஸ்வேர்ட் மட்டும் வரவே கூடாது.