டேட்டா கேள்வி பதில்: டாஷ்போர்டுக்குள் போனதும் தொகை ஏன் குறைகிறது?

கேள்வி: கோவையில் பம்ப் செட் விற்கும் கம்பெனியில் இருக்கிறேன். வாடிக்கையாளர் விவரம், கோட்டேஷன், ஆர்டர் எல்லாம் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற விற்பனைப் பதிவு மென்பொருளில் இருக்கின்றன. அதை ரிப்போர்ட், சார்ட் போடும் பவர் பிஐயில் இணைத்து முதலாளிக்கு ஒரு டாஷ்போர்டு போட்டேன். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு தொகை வருகிறது, டாஷ்போர்டில் அதைவிடக் குறைவு. ஃபில்டர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை மீட்டிங் என்றாலே வயிறு கலங்குகிறது.

பதில்: தொகையை விடுங்கள், முதலில் ரோவை (டேபிளில் உள்ள வரிகளை) எண்ணுங்கள். பவர் பிஐக்குள் வந்திருப்பது சரியாக 2000 ரோ என்றால் திருடன் கிடைத்துவிட்டான். பவர் பிஐயின் கெட் டேட்டாவில் சேல்ஸ்ஃபோர்ஸ் என்று தேடினால் ரிப்போர்ட்ஸ், ஆப்ஜெக்ட்ஸ் என்று இரண்டு கனெக்டர் (டேட்டாவை இழுக்கும் வழி) வரும். ஏற்கெனவே போட்டு வைத்த ரிப்போர்ட்தான் இருக்கிறதே, அதையே இழுத்துக்கொள்வோம் என்று எல்லோரும் முதலாவதைத்தான் தட்டுவார்கள், நானும் தட்டியிருக்கிறேன். அந்த வழியில் சேல்ஸ்ஃபோர்ஸ் 2000 ரோவுக்கு மேல் தராது. ஆப்ஜெக்ட்ஸுக்கு மாறுங்கள். அதில் டேபிள்கள் பச்சையாக வரும், ரிப்போர்ட் உங்களுக்காகச் செய்து கொடுத்த இணைப்பையெல்லாம் இனி நீங்களே போட வேண்டும்.

இணைக்கும்போது ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் தரும் ஐடியில் கவனம். ரிப்போர்ட்டில் வரும் ஐடிக்கு 15 எழுத்து, ஆப்ஜெக்ட்ஸில் வருவதற்கு 18. அந்த 15 எழுத்து ஐடியில் பெரிய ஏ வேறு, சின்ன ஏ வேறு. எழுத்தின் அளவு மட்டும் மாறினாலே அது வேறொரு வாடிக்கையாளர். டேபிள்களைச் சேர்த்து வைக்கும் பவர் பிஐயின் டேட்டா மாடலுக்கும், தேடி எடுக்கும் எக்செல் ஃபார்முலாவான வீலுக்கப்புக்கும் இரண்டும் ஒன்றுதான். ஈரோடு டீலரின் ஆர்டர் சேலம் டீலர் கணக்கில் போய் உட்கார்ந்தாலும் எர்ரர் வராது. எங்கேயும் 18 எழுத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேரம். ரெக்கார்டு உருவான நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும், நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வருடக் கடைசி ராத்திரி உட்கார்ந்து வேலை பார்த்து ஏப்ரல் 1 அதிகாலை 1 மணிக்கு ஒரு டீலைப் பதிந்தீர்கள் என்றால், பவர் பிஐயில் அது மார்ச் 31 மாலை 7.30 என்று விழுந்து போன நிதியாண்டில் சேர்ந்துவிடும். பவர் பிஐக்குள்ளேயே டேட்டாவைத் திருத்தும் இடமான பவர் குவெரியில் ஐந்தரை மணியைக் கூட்டிவிடுங்கள். டீல் முடியும் நாளான க்ளோஸ் டேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் தேதி மட்டும்தான். அதிலும் போய் ஐந்தரை மணியைக் கூட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: யாருக்கு எத்தனை முறை போன் செய்தோம் என்பதும் தெரியட்டும் என்று டீல் டேபிளோடு போன் கால் டேபிளை மெர்ஜ் செய்து ஒன்றாக்கினேன். 5 லட்ச ரூபாய் டீல் 15 லட்சம் என்று காட்டுகிறது. முதலாளி சந்தோஷமாக இருக்கிறார், எனக்குத்தான் பயமாக இருக்கிறது.

பதில்: அந்த வாடிக்கையாளருக்கு மூன்று முறை போன் போயிருக்கும், பாருங்கள். மெர்ஜ் செய்து விரித்ததும் ஒரே டீல் மூன்று ரோவாகிவிட்டது, ஒவ்வொன்றிலும் 5 லட்சம். இப்படியே விட்டால் பத்து முறை போன் செய்தும் சின்ன ஆர்டர் பிடித்தவர் ராஜா, ஒரே போனில் முடித்தவர் பாவம். மெர்ஜை எடுத்துவிட்டு இரண்டு டேபிளையும் தனித்தனியே வைத்து, டீல் ஐடி மேல் ஒன்றுக்குப் பல (ஒரு டீலுக்குப் பல போன்) என்று ரிலேஷன்ஷிப் போடுங்கள்; தொகையை டீல் டேபிளிலிருந்து மட்டும் கூட்டுங்கள். ஒரே டேபிளாகத்தான் வேண்டும் என்றால் குரூப் பை போட்டு டீலுக்கு எத்தனை போன் என்று முதலில் சுருக்கி, அதன் பிறகு சேர்க்கலாம். இன்சென்டிவ் கணக்குப் போடுவதற்குள் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் ஆபீஸில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

கேள்வி: மூன்று மாதம் முன்பு எவ்வளவு ரூபாய் டீல் கையில் இருந்தது, இப்போது எவ்வளவு என்று ஒப்பிட்டுக் காட்டச் சொல்கிறார்கள். எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

பதில்: டீல் டேபிளில் கிடைக்காது. நெகோஷியேஷனில் (பேரத்தில்) இருந்த டீலை யாராவது க்ளோஸ்டு லாஸ்ட் (கைவிட்டுப் போனது) என்று மாற்றிய நிமிடமே பழைய நிலை கரும்பலகையில் அழித்ததுபோலப் போய்விடும், பவர் பிஐயும் அடுத்த ரிஃப்ரெஷில் புதியதைத்தான் எடுத்துக்கொள்ளும். சேல்ஸ்ஃபோர்ஸ் என்றால் ஆப்பர்ச்சூனிட்டி ஹிஸ்டரி என்று ஒரு ஆப்ஜெக்ட் இருக்கிறது, டீலுக்கு அங்கே ஆப்பர்ச்சூனிட்டி என்று பெயர். ஸ்டேஜ், தொகை, க்ளோஸ் டேட் மாறியதெல்லாம் அதில் நிற்கும், அதிலிருந்து பின்னோக்கிக் கட்டலாம், கொஞ்சம் தலை சுற்றும். சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற வாடிக்கையாளர் மென்பொருள் (சிஆர்எம்) எதுவானாலும் நடக்கிற வழி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் திறந்திருக்கும் டீல்களை அப்படியே காப்பி எடுத்து, பக்கத்தில் அன்றைய தேதியை ஒரு தனி நெடுவரிசையாகப் போட்டு, பழையதன் அடியில் ஒட்டிக்கொண்டே வருவது. டேட்டாபேஸ் இல்லையா, எக்செல் போதும். ஒரு ஷீட்டில் 10,48,576 ரோ பிடிக்கும். 800 டீல் என்றால், வாரம் ஒரு காப்பி எடுத்தாலும் இருபது வருடத்துக்கு மேல் தாங்கும்.