வீட்டுக்காரர் வரும் நாளில் மட்டும் மாத்திரை போட்டால் போதுமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். மூத்த மகளுக்கு 19 வயது, தை மாதம் கல்யாணம் ஆனது. காலேஜ் முடியும்வரை குழந்தை வேண்டாமென்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்தால் திங்கள் விடியலில் பஸ் ஏறிவிடுவார். அவர் வரும் இரண்டு நாளும் மகள் மாலா-என் கருத்தடை மாத்திரை போடுகிறாள். 'அது சூடு, கர்ப்பப்பை காய்ந்துபோகும்' என்கிறார் சம்பந்தியம்மா. எது சரி? பிளஸ் ஒன் படிக்கும் இளையவளிடமும் இதையெல்லாம் சொல்லலாமா? சொன்னால் கெட்டுப்போவாளோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: போதாதம்மா. வாரத்துக்கு இரண்டு என்று போடுவதும் போடாமலே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். மாலா-என் தினமும் போட்டால்தான் கருமுட்டை வெளிவராமல் தடுக்கும். நடுவில் நாலைந்து நாள் விட்டால் சினைப்பை மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

உங்கள் மகள் மட்டும் இப்படியில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், ஏதாவது ஒரு கருத்தடை முறையைக் கேள்விப்படாத பெண்ணே அநேகமாக இல்லை. காப்பர் டி, நிரோத், ஆபரேஷன் என்று பெயரெல்லாம் சொல்வார்கள். எந்த நாளில் தொடங்குவது, மறந்தால் என்ன செய்வது என்று கேட்டால்தான் முழிப்பார்கள். அமெரிக்கக் கணக்கு ஒன்று இதைச் சரியாகக் காட்டுகிறது: கருத்தடை மாத்திரையைப் பிசகாமல் போடும் 100 பெண்களில் வருடத்துக்கு ஒருவர்கூடக் கருத்தரிப்பதில்லை. மறந்து, விட்டு, நடைமுறையில் போடுகிறவர்களில் 7 பேர் கருத்தரிக்கிறார்கள். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே மாத்திரைதான்.

எனக்கு ஒரு சந்தேகம். அரசு தரும் கருத்தடை மாத்திரைகளில் சாயா என்று இன்னொன்று உண்டு. அதுதான் முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. யாரோ அதைச் சொல்லப்போய் இவள் மாலா-என்னுக்குப் பொருத்திக்கொண்டாளோ என்னவோ. சாயாவும் குறித்த கிழமையில் போடுவதுதான், வீட்டுக்காரர் வரும் நாள் பார்த்து அல்ல.

இப்போது செய்ய வேண்டியது: கடைசியாகச் சேர்ந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவசரக் கருத்தடை மாத்திரை கேளுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது கருவைக் கலைக்கும் மாத்திரை அல்ல. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். மாதாமாதம் அதையே நம்பியிருக்கவும் கூடாது. தேதி தள்ளிப்போயிருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. கரு இல்லையென்றால், அடுத்த மாதவிலக்குவரை ஆணுறை. தீட்டு வந்த முதல் நாளே புது அட்டையைத் தொடங்கட்டும். அட்டையில் 28 மாத்திரை: 21 ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒன்று விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடலாம். இரண்டோ அதற்கு மேலோ விட்டால் உடனே ஒன்று போட்டு, தினசரிக் கணக்கைத் தொடர்ந்து, ஏழு நாள் ஆணுறையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தம், கண்முன் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தம் உறைந்த வரலாறு, டிபி மாத்திரை, வலிப்பு மாத்திரை: இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

சம்பந்தியம்மா சொல்வதில் உண்மை இல்லை. மாலா-என்னை நிறுத்தினால் கரு தரிக்கும் திறன் சீக்கிரமே திரும்பிவிடும். அந்தரா என்ற கருத்தடை ஊசிக்குத்தான் சில மாதம் தாமதமாகும். ஆனால் அவரை லேசாக எடுக்காதீர்கள். 'முதல் பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லில் அட்டை குப்பைக்குப் போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்த வயதில் பெண் தனியாக முடிவெடுப்பதில்லை. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், நர்சம்மா சொல்வதை அவரும் கேட்கட்டும். உள்ளூர் சப் சென்டருக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 104 சுகாதார உதவி எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இளையவளிடம் தாராளமாகப் பேசுங்கள். பாலியல் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உறவுக்குத் தள்ளுவதில்லை என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. தள்ளிப்போடுகிறது, பின்னாளில் கருத்தடையைக் கூடுதலாகப் பயன்படுத்த வைக்கிறது. அவளுக்கு இப்போது மாத்திரை அட்டவணை தேவையில்லை. மாதவிலக்கு ஏன் வருகிறது, கரு எப்படி உண்டாகிறது, ஒரே தடவையிலும் உண்டாகலாம் என்பது தெரியட்டும். 18 வயதுக்குள் அவள் சம்மதித்தாலும் அவளோடு உறவு கொள்வது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றம், கல்யாணமும் சட்டப்படி கூடாது என்பதும் தெரியட்டும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தக் கடைசி விஷயத்தைத் தோழிகளுக்காகவும் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. எங்காவது அப்படிக் கல்யாணப் பேச்சு நடந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். சொன்னவர் பெயரை வெளியிட மாட்டார்கள்.