விசில் ஊதுவதற்கு ஒரு பட்டமா?

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்த எனக்கு, ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் உடல்நலமும் உடற்கல்வியும் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பில் இருபத்தைந்து பேர்தான். "விசில் ஊதுவதற்கு ஒரு பட்டமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நான் பெரிய விளையாட்டு வீராங்கனையும் அல்ல. சேரலாமா?

பதில்: நீங்கள் கடைசியில் சொன்ன தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உடற்கல்வி ஆசிரியருக்கு வேண்டிய முதல் திறமை வேகமாக ஓடுவதன்று, பார்ப்பது. வலக்கையால் பந்தெறியும் சிறுவன் ஒருவன் வலக்காலையே முன்வைத்து எறிந்தால், இடுப்பு திரும்பாமல் பந்து சற்றுத் தூரத்திலேயே விழுந்துவிடும். "பலமாக எறி" என்று கத்துவதை விட்டு, இடக்காலை முன்வைக்கச் சொல்வதற்கு அந்தக் காலைக் கவனித்திருக்க வேண்டும். பிறவியிலேயே நன்றாக எறிபவர்களுக்கு இது கண்ணில் படாமல் போவதும் உண்டு. தட்டுத் தடுமாறிக் கற்றவர்கள் பல நேரங்களில் நல்ல ஆசிரியர்களாகிறார்கள் என்பது என் கணிப்பு.

வகுப்பு சிறியது என்பதை நான் குறையாக எண்ணவில்லை. கையால் பழகிக் கற்க வேண்டிய பகுதி இப்படிப்பில் மிகுதி. ஓடி நின்றவரின் மணிக்கட்டில் நாடியைப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது எளிதாகத் தோன்றும். ஆனால் ஓட்டம் நின்றவுடன் துடிப்பு விரைவாகக் குறையத் தொடங்குவதால், விரல் வைக்கும் இடத்தைத் தேடித் தாமதித்தால் கணக்கே தவறிவிடும். இதயத் துடிப்பு நின்றுபோன பெரியவர்களுக்குச் செய்யும் சி.பி.ஆர். முதலுதவியில் நெஞ்சை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பதை எவரும் மனப்பாடம் செய்யலாம். மண்டியிட்டுப் பயிற்சிப் பொம்மையின் மேல் அழுத்திப் பார்த்தால்தான் கை எவ்வளவு சீக்கிரம் சோர்கிறது என்பது புரியும். நூறு பேர் சேர்ந்த வகுப்பில் பலர் இதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள். உங்கள் வகுப்பில் எல்லோருக்கும் முறை வரும்.

சிறிய பல்கலைக்கழகத்தில் விலையுயர்ந்த கருவிகள் இல்லாவிட்டாலும் அது பெரிய இழப்பாகாது. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டச் சோதனைக்கு, அளந்த பாதையும் ஒரு கடிகாரமும் போதும். ஓடிய தூரத்தைக் கொண்டே உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனை மதிப்பிடலாம். ஆசிரியர்கள் குறைவு என்பதுதான் மெய்யான சிக்கல். உடலியங்கியலும் விளையாட்டு உளவியலும் ஒருவரே நடத்தினால், ஒரே கோணத்தில் மட்டும் பார்க்கப் பழகிவிடுவீர்கள். விருப்பப் பாடங்களும் குறைவாகவே இருக்கும்.

வீட்டாருக்கு ஒன்று சொல்லுங்கள். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மிதமான அல்லது தீவிரமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஓட வெட்கப்படும் குழந்தையையும் ஆஸ்துமா உள்ள குழந்தையையும் அதில் சேர்த்துக்கொள்ள விசில் மட்டும் போதாது.

சேருமுன் ஒரு வேலைநாளில் நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வுக்கூடத்து டிரெட்மில் உறை மாட்டிய நிலையில் தூசி படிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இந்தப் பட்டத்தைக் கொண்டு நீங்கள் விரும்பும் பள்ளிகளில் ஆசிரியராக முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், கற்பித்தல் பயிற்சிக்கு எத்தனை வாரம் பள்ளிக்குச் சென்றார், அங்கே பாடம் நடத்தினாரா அல்லது மூலையில் நின்று பந்துகளை எண்ணினாரா என்று விசாரியுங்கள். பாடம் நடத்தியதாகச் சொன்னால் தயங்காமல் சேருங்கள்.