தரவு ஆளுகையை எங்கிருந்து தொடங்குவது?

தரவு ஆளுகைக்கு, அதாவது நிறுவனத்தின் தரவுக்கு என்ன பொருள், யார் பொறுப்பு, யார் பார்க்கலாம், எப்படித் திருத்தலாம் என்று வகுத்து நடத்துவதற்கு, எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன், உங்கள் நிறுவனத்தில் அன்றாடம் புழங்கும் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, அதன் பொருள் என்ன, அதற்குப் பொறுப்பு யார் என்று விசாரித்துப் பாருங்கள்.

கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அங்கே ‘இலை எடை’ என்றால் மூன்று எண்கள்: கொள்முதல் இடத்தில் தராசு காட்டி சீட்டில் எழுதியது, லாரி வந்தபின் தொழிற்சாலையில் கண்டது, ஈரத்துக்குக் கழித்துக் கணக்கில் ஏற்றியது. ஒரு ஜூலை மாதக் கடைசியில், மழையில் மை கலைந்த சீட்டுகளை ஒரு பெரியவர் என் மேசையில் பரப்பினார். சீட்டுகளைக் கூட்டினால் 412 கிலோ, கணினியில் 371. யாரும் திருடவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் அந்த 41 கிலோவை எந்த நாளில், யார், எந்தக் கணக்கில் கழித்தார்கள் என்று அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை; பழைய எண்ணை அழித்துத்தான் புதியதைப் பதிந்திருந்தார்கள். நீலகிரிப் பச்சை இலைக்கான விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவித்துவிடுகிறது. ஆகவே விவசாயி எங்களை நம்புவதா வேண்டாமா என்பது அந்த எடையில்தான் இருந்தது.

மூன்று எண்களும் தேவைப்பட்டவையே. ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ இலை செல்கிறதா என்று பார்க்கும் உற்பத்திப் பிரிவுக்குத் தொழிற்சாலை எடை வேண்டும்; பணம் கொடுக்கும் எனக்குக் கழிவு போன எடை வேண்டும். அதனால் எதையும் நீக்காமல் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தோம். ஈரக் கழிவை விவசாயியின் கண்முன்னே சீட்டிலேயே எழுதவும், திருத்தினால் பழைய எண்ணையும் காரணத்தையும் அப்படியே வைத்திருக்கவும் முடிவு செய்தோம். பொறுப்பைக் கணினி இயக்குபவரிடம் கொடுக்காமல் கொள்முதல் அலுவலரிடம் கொடுத்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். தராசடியில் நடப்பதை மாற்றும் அதிகாரம் அவருக்கே உண்டு.

விவசாயிகளின் வங்கிக் கணக்கு, ஆதார் எண்களை யார் பார்க்கலாம் என்பதையும் எழுதி வையுங்கள். தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

எடை சீரான பிறகே, ஒரே ஆள் இரண்டு மூன்று எண்களில் பதிவாகியிருந்த விவசாயிகள் பட்டியலில் கை வைத்தோம். மென்பொருள் அதற்கும் பிறகுதான் வந்தது.