மாமாவுக்காக ஒரு பொறியியல் சீட் வேண்டாம்

பிளஸ் டூ முடித்த மகள் நாடகம் எழுதுகிறாள், நடிக்கிறாள். தாய்மாமனோ கடன் வாங்கியாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. பயம் நியாயமானதுதான். நாடகத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துபவர்கள் குறைவு. ஆனால் அவளுக்குக் கம்ப்யூட்டர் பிடிக்குமா என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே! அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். லட்சக்கணக்கில் கேட்கும் நடிப்புப் பயிற்சிக்கும் கடன் வேண்டாம்.

அரசுக் கல்லூரியில் ஒரு பி.ஏ. படிக்கட்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் 3 ஆண்டுப் படிப்புக்குப் பட்டமும் மேடை அனுபவமும் கேட்பார்கள். நடித்த நாடகங்களின் அழைப்பிதழ், சான்றிதழ் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

இதற்கிடையில் பலரும் திரும்பிப் பார்க்காத வழி, வானொலி நாடகம். ஆகாசவாணி குரல் தேர்வு வைத்து நாடகக் கலைஞர்களைத் தரம் பிரிக்கிறது. மாதச் சம்பளம் இல்லை, நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் ஒப்பந்தம். எழுதவும் நடிக்கவும் சேர்ந்தே பழக இதைவிடச் செலவு குறைந்த பள்ளி கிடையாது.

அரைமணி நாடகத்துக்குச் சுமார் 2500 சொல் போதும். இசைக்கும் மௌனத்துக்கும் இடம் வேண்டுமே. ஒரு காட்சியில் மூன்று குரல்களோடு நிறுத்தட்டும். ஒரே வயதில் இரண்டு பெண் குரல் வந்தால் யார் பேசுவது என்று கேட்பவருக்குப் புரியாது. வெகுநேரம் பேசாத பாத்திரத்தை அவர் மறந்தே போவார். புதிதாக எழுதுபவர்கள் “ஐயோ, உன் கையில் கத்தி!” என்று வசனத்திலேயே படம் காட்டுவார்கள். அப்படிச் சொல்லாமல், எதிரில் இருப்பவனின் குரல் தடுமாறினாலே பாதி வேலை முடிந்தது.

பிரதியைத் தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்து, ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் வைக்க வேண்டும். வசனம் அடுத்த தாளுக்கு ஓடினால் புரட்டும் சத்தம் பதிவாகிவிடும். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நின்று பேசினால் ‘ப’ சொல்லும்போது வரும் மூச்சு மைக்கில் வெடிக்காது. கத்தும் இடத்தில் ஓரடி பின்னால் போகட்டும். மேடைக் குரலை அப்படியே கொண்டுபோகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

யாருக்குப் பிரதி கொடுத்தாலும், ஒலிபரப்ப மட்டுமா, மொத்த உரிமையுமா என்று ஒப்பந்தத்தை நீங்களும் படியுங்கள். மேடையேற்றும் உரிமையை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவே கூடாது.