பதினேழாவது மாடி ஆடியது, மாமாக் கடையில் தேநீர்கூடச் சிந்தவில்லை

எங்கள் பினாங்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில், சுமத்ராவில் நிலம் நடுங்கிய செய்தி வந்தாலே கேள்விகள் குவியும். இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் என்பதால் அத்தனையும் என் தலையில்தான் வந்து விழும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொத்தமாகப் பதில் சொல்கிறேன் என்றேன். அவைதான் இவை.

சார், நான் பதினேழாவது மாடி. விளக்கு ஆடியது, தலை சுற்றியது. கீழே மாமாக் உணவுக்கடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத்தான் ஏதாவது கோளாறா?

உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா. அடுத்த தெருவில் கோயில் திருவிழா நடந்தால் நமக்கு என்ன கேட்கிறது? பாட்டின் வார்த்தை கேட்காது, உறுமி மேளத்தின் 'தும் தும்' மட்டும் வந்து சேரும். நில அதிர்வும் அப்படித்தான். வேகமான, படபடவென்ற அதிர்வுகளை வழியில் பாறையே தின்றுவிடும். ஓர் ஆட்டத்துக்குச் சில நொடிகள் எடுக்கும் மெதுவான அலைகள்தான் 500 கி.மீ. தாண்டிப் பினாங்குக்கு வரும்.

உயரமான கட்டடத்துக்கும் அந்த மெதுவான தாளம்தான் பிடிக்கும். தோராயமாக மாடிக்குப் பத்தில் ஒரு நொடி என்று கணக்கு வைத்தால், 20 மாடிக் கட்டடம் ஒருமுறை ஆடி வர 2 நொடி. வருகிற அலையும் அதே தாளத்தில் வந்தால் ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது மாதிரி ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஒரு மாடிக் கடைக்கு அந்தத் தாளமே ஒத்துவராது.

2005 மார்ச் 28 இரவு, நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி, சுமத்ராவுக்கு அருகே நியாஸ் தீவை 8.6 ரிக்டர் உலுக்கியபோது நான் பழைய பிளாட்டில் இருந்தேன். சாமி அறையில் ஒரு மீட்டர் சங்கிலியில் தொங்கும் விளக்கு. அந்த நீளத்துக்குப் போய்வர 2 நொடிதான் ஆகும். கட்டடமும் விளக்கும் ஒரே தாளம் போட்டதில் எண்ணெய் சுவரெல்லாம் தெறித்தது. கைலியோடு கீழே ஓடி வந்தால், பாதிப் பேர் அங்கே நிற்கிறார்கள். தரைமாடிக்காரர் மட்டும் கதவைத் திறந்து "என்ன சண்டை?" என்று கேட்டார்.

அப்புறம் மண்ணும் முக்கியம். களிமண், கடலைத் தூர்த்த நிலம் எல்லாம் ஆட்டத்தைப் பெருக்கும். 1985-ல் மெக்சிகோ நகரம் நடுக்க மையத்திலிருந்து 350 கி.மீ.க்கும் அப்பால் இருந்தும் பாழானதற்குக் காரணம், அது பழைய ஏரிப்படுகையின் மேல் உட்கார்ந்திருந்ததுதான்.

அண்ணே, பி அலை, எஸ் அலை என்கிறார்களே?

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் படிக்கட்டில் பின்னால் ஒருவர் தள்ளினால் என்ன ஆகும்? ஆள் அரையடிதான் நகர்வார், தள்ளு மட்டும் முன்வரிசை வரை ஓடிவிடும். அதுதான் பி அலை. முன்னும் பின்னும் அமுக்கிக்கொண்டே போகும். மேலோட்டுப் பாறையில் நொடிக்கு 6 கி.மீ. போல ஓடும். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை உதறுங்கள், நெளிவு பக்கவாட்டில் ஆடிக்கொண்டே போகும். அது எஸ் அலை. வேகம் சுமார் 3.5 கி.மீ.தான், திரவத்துக்குள் போகாது. பூமியின் நடுக்கருவில் வெளிப்பகுதி திரவம் என்று கண்டுபிடித்ததே இதை வைத்துத்தான்.

மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி எண்ணுகிறோமே, அதே வித்தைதான் இங்கேயும். அருகில் நடக்கும் நடுக்கத்துக்கு, இரண்டு அலைகளுக்கும் நடுவே உள்ள நொடிகளை எட்டால் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். மூன்று நிலையங்களிலிருந்து வட்டம் போட்டால் இடம் சிக்கிவிடும். இவை இரண்டுக்கும் பின்னால் தரையோடு ஊர்ந்து வரும் மேற்பரப்பு அலைகள்தான் உங்கள் பதினேழாவது மாடியை ஆட்டியவை.

சபாவின் ரானாவ் ஊரில் 6.0-க்கு 18 பேர் இறந்தார்கள். 2012-ல் சுமத்ராவுக்கு அப்பால் கடலில் 8.6, நமக்கு ஒன்றுமே ஆகவில்லை. ரிக்டர் கணக்கே தப்பா?

கணக்கு சரி தம்பி. ஓர் எண் ஏறினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. உங்கள் இரண்டு நடுக்கத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 8,000 மடங்கு! ஆனால் அது பிறந்த இடத்தின் ஆற்றல், நம் காலடியில் உணர்கிற ஆட்டம் வேறு. மின்விளக்கின் வாட் ஒன்று, உங்கள் மேசையில் விழும் வெளிச்சம் வேறொன்று. 2015 ஜூன் 5 காலையில் சபாவில் நடந்தது கினபாலு மலைக்குப் பக்கத்திலேயே. மலையேறியவர்கள் மேல் பாறை உருண்டது.

'ரிக்டர்' என்று வாயில் வந்துவிட்டது, பெரிய நடுக்கங்களுக்கு இப்போது 'மொமென்ட் மேக்னிடியூட்' என்ற வேறு அளவுகோல். 1979-ல் வந்தது. நழுவிய பாறைப் பிளவின் பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றையும் பெருக்கிக் கணிப்பார்கள்.

சுனாமி அன்று காலையிலேயே ஆட்டம் தெரிந்தது. தண்ணீர் மதியம்தானே வந்தது?

2004 டிசம்பர் 26, நம் கடிகாரத்தில் காலை 9-க்குச் சற்று முன். முதல் பாறை அலைகள் இரண்டு நிமிடத்துக்குள் இங்கே. தண்ணீர் வந்தது மதியம் ஒரு மணிக்கு மேல். சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கி.மீ., அதாவது விமான வேகம். 50 மீட்டர் ஆழத்தில் 80 கி.மீ., நெடுஞ்சாலை லாரி. அது ஆச்சேயின் வடமுனையைச் சுற்றி, ஆழமில்லாத மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து வர வேண்டியிருந்தது. நடுவில் சுமத்ரா நின்ற அந்தத் தடுப்புதான் நம்மைப் பெருமளவு காப்பாற்றியது. அப்படியும் மலேசியாவில் 68 பேர், பெரும்பாலும் பினாங்குக்காரர்கள். நான்கு மணி நேரம் கையில் இருந்தும் பத்து பிரிங்கி கடற்கரையில் ஒருவரும் சொல்லவில்லையே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அப்போது இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது.

2012 ஏப்ரல் 11-ல் ஏன் பெரிய சுனாமி இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். அன்று ஒரே புவித்தட்டுக்குள் பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நழுவின. 2004-ல் கடல்தளம் மேலே எகிறியது. தட்டில் இருக்கும் குழம்பைப் பக்கவாட்டில் இழுப்பதற்கும் அடியில் ஒரு குத்து விடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

அடுத்த வாரம் பெரிய நடுக்கம் என்று ஒரு காணொளி வந்திருக்கிறதே?

அழித்துவிடுங்கள். நாள் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது.

நம் நாட்டுக்குள் பாறைப் பிளவே இல்லையா?

இருக்கிறது. 2007 முதல் 2009 வரை பகாங்கின் புக்கிட் திங்கியில் சின்னச் சின்ன நடுக்கங்கள் வந்தன. 2004-ல் லங்காவித் தீவே சுமார் 17 செ.மீ. மேற்கே இழுபட்டது.

ஆடும்போது லிஃப்டில் இறங்கலாமா?

கூடாது, மின்சாரம் போனால் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். கண்ணாடி சன்னலை விட்டுத் தள்ளி, மேசைக்கு அடியில் போங்கள். ஆட்டம் நின்றபின் படிக்கட்டு. சாமி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் போகும்போது அணைத்துவிடுங்கள். நான் அன்று அணைக்கவில்லை.